பதினொரு சேவருக்கும் வட்டைவிதானை

பழுகாமம்,
05.08.2024

அன்பு மருமகள் சுலோஜனாவுக்கு,

உன் தாய்மாமன் இளையதம்பி எழுதிக்கொள்வது. சுகம் விசாரிக்கிற வேலையை உன் மாமி சின்னத்தங்கம் போனில் முடித்துவிட்டாள். ஆகவே நான் நேரே உத்தியோக விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு முதல் ஊர் விஷயம் ஒன்று. நேற்றுச் சந்தியில் கந்தப்போடி என்னை மறித்தான். "என்ன மச்சான், மட்டக்களப்பு டவுனில கொம்பியூட்டர் கொம்பனி ஒண்டுக்கு வாச்சராப் போறியாமே?" என்றான். "வாச்சரா? பதினொரு கொம்பியூட்டர் சேவர் மச்சான், பதினொண்டு! கொழும்பில நாலு, இஞ்ச வாவிக்கரையில ஏழு. அதுக்குள்ள ஆர் போறது, ஆர் வாறது எண்டு பாக்கிறவன் நான்," என்றேன். அவன் சைக்கிளை விட்டு இறங்கி நின்றான். மரியாதை! பின்சில்லில் காற்றுப் போனதால் இறங்கினேன் என்று பிறகு சொல்லித் திரிகிறானாம். நம்பாதே.

நீ கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு மாறிப் போகும்போது முதலாளி பதியுதீன் சேரிடம் என் பெயரைச் சொன்னதை நான் மறக்கவில்லை. பாஸ்வேட் சங்கதி போனிலோ வட்ஸ்அப்பிலோ நடக்கக்கூடாது, நம்பிக்கையான ஒரு ஆள் முகத்தையும் அடையாள அட்டையையும் பார்த்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று ஜேர்மன் வாடிக்கையாளர்கள் கேட்டார்களாம். அப்படியொரு ஆளுக்கு ஜேர்மனியில் தேடியும் கிடைக்காமல்தான் பழுகாமத்துக்கு வந்திருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று யாரும் சொன்னால் சொல்லட்டும். ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் படிப்பிக்க வாத்திமார் தட்டுப்பாடு.

சரி, விஷயம். நீ அனுப்பிய பன்னிரண்டு ஒட்டிய உறையும் வந்து சேர்ந்தன. ஆளுக்கொரு புதுப் பாஸ்வேட். இருபது வருஷம் வட்டைவிதானையாக இருந்து நானூறு ஏக்கர் வயல் வட்டைக்குத் தண்ணி பங்கிட்டவனுக்கு இதெல்லாம் என்ன பெரிய வேலை? கூட்டத்தைக் கூட்டி, இன்னார் வயலுக்கு இன்ன நாள் தண்ணி என்று எல்லார் காதிலும் விழ வாசிப்பேன். நாலு பேருக்குத் தெரிந்த தண்ணியை ஒருவனும் களவெடுக்க மாட்டான். அந்த முறையையே இங்கும் கொண்டுவந்தேன். பன்னிரண்டு பேரையும் மண்டபத்தில் இருத்தி, வெற்றிலைத் தட்டம் வைத்து, உறையை ஒவ்வொன்றாகப் பிரித்து, எழுத்தெழுத்தாக உரத்து வாசித்துக் கொடுத்தேன். "பெரிய கே, சின்ன டி, ஏழு, நட்சத்திரம்..." நட்சத்திரம் வந்த இடத்தில் ஒரு பிள்ளை கையும் தட்டினாள். ஒருத்தர் எழும்பவில்லை, ஒருத்தர் பேசவில்லை, எல்லாரும் வாய் திறந்தபடி இருந்தார்கள். அவ்வளவு ஒழுங்கு.

இப்படிக்கு,
மாமா


கொழும்பு,
12.08.2024

மாமாவுக்கு,

போனில் என்றால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் வாய் திறந்தபடி இருந்தது ஒழுங்கினால் அல்ல. பன்னிரண்டு கடவுச்சொற்களும் பன்னிரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டன. உங்கள் கடிதத்தை நடு வழியில் நின்று வாசித்தேன், அப்படியே திரும்பிக் கந்தோருக்கு ஓடினேன். பன்னிரண்டு பேரின் கணக்கையும் பதினொரு சேவரிலும் பூட்டி, புதிதாகச் சொற்கள் உருவாக்கி, மறுபடியும் உறையில் ஒட்டும்போது இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இரண்டு நாள் உங்கள் கிளையில் ஒருவரும் வேலை செய்யவில்லை. அதற்கு நான்தான் பதில் சொன்னேன்.

வட்டையில் ஒருவனின் முறை எல்லாருக்கும் தெரிவது காவல். இங்கே அவனவன் சொல் அவனவனுக்கு மட்டும் தெரிவதுதான் காவல். உறையில் இருக்கும் சொல்லை அவர் முதல்முறை உள்ளே போனதும் மாற்றிவிடுவார். பிறகு எனக்கே அது தெரியாது, தெரியவும் கூடாது. நேற்று ஒருவர் ஏதோ ஒன்றை அழித்தால், அழித்தது இன்னார் என்று சேவர் காட்ட வேண்டும். பன்னிரண்டு பேரில் யாரோ என்று காட்டினால் அது என்ன பதிவு?

இன்னொன்று. எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் ஒருவர் கையில் கொடுப்பதென்று மார்கழியில் பதியுதீன் சேர் முடிவெடுக்கப் போகிறார். என் பெயரும் இருக்கிறது. உங்களை இந்த வேலைக்குச் சொன்னதும் நான்தான் என்பது அவருக்குத் தெரியும். இதற்கு மேல் நான் எழுத வேண்டுமா?

சுலோஜனா


பழுகாமம்,
19.08.2024

மருமகள் சுலோஜனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் தாய் இலட்சுமிப்பிள்ளை அக்காகூட என்னை இப்படி ஏசியதில்லை. ஏசியிருக்கிறாள், ஆனால் எழுத்தில் இல்லை.

புது உறைகள் வந்தன. ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடியும் அட்டையைப் பார்த்துக் கொடுத்தேன். அறைக்குள் நான் கண்ணையும் மூடிக்கொண்டேன். பன்னிரண்டு பேரும் வெளியே வந்து, "மாமா, இப்படி ஒரு பாதுகாப்பு அமெரிக்காவில கூட இல்ல" என்றார்கள். ஒருத்தர்தான் சொன்னார். மற்றவர்கள் முகத்தில் தெரிந்தது.

விளங்கிக்கொண்டேன் மகள். இது களவாகப் பாய்கிற தண்ணி. அப்படியொரு தண்ணி நான் கண்டதில்லை. இனிப் பிழை வராது.

அதோடு, வெற்றிலைத் தட்டத்துக்கு ஏன் ஏசினாய் என்றுதான் விளங்கவில்லை. நீ அதை எழுதவில்லை, ஆனால் ஏசியது மாதிரியே இருந்தது.

மாமா


கொழும்பு,
27.08.2024

மாமாவுக்கு,

வெற்றிலைத் தட்டத்துக்கு நான் ஏசவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜேர்மன்காரரே உங்களுக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தார் என்று குடும்பத்துக் குழுவில் குரல் பதிவு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கூட்டம் திரையில் நடந்தது. அவர் எழுந்தது தேத்தண்ணி எடுக்க. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். இங்கே என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்திக்கு உங்கள் குரல் பதிவு எப்படியோ போய், மதியச் சாப்பாட்டில் போட்டுக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போனேன்.

இனி எனக்குப் படிவம் மட்டும் அனுப்புங்கள். புதிதாக வருகிறவரின் படிவம், விலகுகிறவரின் படிவம். கொழும்பில் இருக்கும் எனக்கு உங்கள் கிளையில் யார் வந்தார், யார் போனார் என்று தெரிய வேறு வழி இல்லை. கதை வேண்டாம். தடித்த உறை வந்தால் கதை என்று நினைத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவேன். சொல்லாமல் செய்தாய் என்று பிறகு சொல்லக்கூடாது.

சுலோஜனா


பழுகாமம்,
16.09.2024

அன்பு மருமகளுக்கு,

கதை வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இது கதை இல்லை, நடந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை சேவர் அறையில் ஏ.சி. நின்றுவிட்டது. உள்ளே கால் வைத்தேன், சூரியன் அங்கேதான் குடியிருந்தான். அந்தச் சூட்டில் நெல்லைப் பரப்பியிருந்தால் பொரியாக அள்ளியிருக்கலாம். ஏழு சேவரும் சன்னி பிடித்தவன் மாதிரி முனகின. பொறியியல் படித்த பிள்ளைகள் எல்லாம் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். நான் சேட்டைக் கழற்றினேன். இரண்டு ஜன்னலையும் திறந்தேன். வாவிக்காற்றுக்கு நேரே கதவை மரக்குற்றி வைத்து நிறுத்தினேன். நாலு மேசை விசிறியைப் பிடித்துத் திசை திருப்பினேன். காற்று எந்தப் பக்கம் வீசும் என்று அறுபது வருஷமாக அறிந்தவன். (ஐம்பத்தெட்டு என்று உன் மாமி பக்கத்தில் நின்று சொல்கிறாள்.) அரை மணித்தியாலத்தில் ஏழும் குளிர்ந்து நித்திரைக்குப் போய்விட்டன. கிளையில் எல்லாரும் கை கொடுத்தார்கள். ஒருவன் என் கையை விடவே இல்லை, பலவந்தமாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இதைக் கேட்ட கந்தப்போடி, "ஜன்னலத் திறந்ததுக்கா இந்தப் பாடு?" என்றான். "மச்சான், ஜன்னல் எல்லாருக்கும் இருக்கு. திறக்கத் தெரியோணும்," என்றேன்.

ஏ.சி. திருத்த வந்தவன் ஏறாவூர்ப் பையன். என் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "காக்கா, நீங்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டான். "மாவடி வட்டையில," என்றேன். அப்படியொரு கல்லூரி இருக்கிறது என்று நம்பித்தான் போயிருப்பான்.

இன்னும் ஒரு விஷயம். பெரும்போகத்துக்கு விதைப்பு தொடங்கிவிட்டது. இந்தமுறை புது வட்டைவிதானை ஒரு இளந்தாரி. அவனுக்கு யோசனை சொல்ல என்னைத் தேடி ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்தார்கள். லொறி கல்லேற்றிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனது, வழியில் அவர்களையும் இறக்கிவிட்டது. இருந்தாலும் வந்தார்கள்தானே.

கடைசியாக ஒன்று. நம் கிளையில் நிலோஜன் என்ற பிள்ளை விலகிவிட்டான். டோஹாவில் வேலையாம். 13ஆம் திகதி என் முன்னால் நின்று விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். வயலை விட்டுப் போகிறவனின் வக்கடையை அன்றைக்கே அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் ஆளில்லாத வயலுக்குள் வாய்க்கால் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும். அவன் கணக்கையும் பதினொரு சேவரிலும் அடைத்துவிடு. படிவம் இந்த ஒன்பதாம் பக்கத்துக்குப் பின்னால் ஊசி குத்தி வைத்திருக்கிறேன்.

மாமா


கொழும்பு,
22.11.2024

மாமாவுக்கு,

மூன்று நாளாக எழுத நினைத்து இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

சேவருக்கு ஒரு குணம் இருக்கிறது. யார், எந்த நேரம் உள்ளே வந்தார் என்று எழுதி வைக்கும். கூட்டாது, குறைக்காது. 18ஆம் திகதி காலை 9.42க்கு நிலோஜன் உள்ளே வந்திருக்கிறான், டோஹாவில் இருந்து. தான் எழுதிய கணினி நிரல் ஒன்றைப் பிரதி எடுக்க வந்தானாம். "நான் எழுதினதுதானே அக்கா, எண்ட சாமான்தானே எண்டு நினைச்சன்" என்று போனில் அழுதான். எடுத்தவன் எங்கோ கை தவறி, ஜேர்மன்காரருக்குக் காட்ட வைத்திருந்த பரிசோதனைப் பிரதியை முழுக்கச் சிதைத்துவிட்டான். நாலு பேரின் மூன்று வார வேலை. காட்டுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது.

விலகி இரண்டு மாதமான ஒருவனின் கணக்கு எப்படித் திறந்திருந்தது என்று பதியுதீன் சேர் கேட்டார். விலகல் படிவம் எனக்கு வரவில்லை என்றேன். அப்போது மட்டக்களப்புத் திரையில் நீங்கள் எழுந்து நின்று, "அது எண்ட பிழை சேர், அனுப்ப மறந்துபோனன்" என்றீர்கள்.

இருபது வருஷம் ஒரு வக்கடையை மறக்காதவர் என்று ஊரெல்லாம் சொல்கிறவர் நீங்கள். யார் வயலுக்கு எத்தனை மணித்தியாலம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வீர்கள். இந்த ஒன்றை மட்டும் எப்படி மாமா மறந்தீர்கள்? ஏ.சி. திருத்தியவனின் ஊர் வரைக்கும் குடும்பத்துக் குழுவில் சொல்ல நேரம் இருந்தது. ஒரு தாளை உறையில் போட நேரம் இல்லையா?

உங்களை வீட்டில் நிற்கச் சொல்லி சேர் சொன்னபோது நான் உங்களுக்காகப் பேசவில்லை.

சுலோஜனா


பழுகாமம்,
29.11.2024

அன்பு மருமகளுக்கு,

நான் இப்போது நீண்ட விடுமுறையில் இருக்கிறேன். இவ்வளவு காலமும் ஓய்வில்லாமல் உழைத்தவருக்குக் கட்டாயம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று கொம்பனி நினைத்திருக்கிறது. நான் வேண்டாம் என்றேன், விட்டார்களா? இங்கே விடாமல் மழை. பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போகிற கரைச்சலும் மிச்சம்.

கந்தப்போடி வந்து கேட்டான், "என்ன மச்சான், சேவரெல்லாம் உன்ன விட்டிட்டு ஓடிட்டுதாமே?" நான் மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று காட்டிக்கொண்டேன்.

நிலோஜன் விஷயம், மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

உன் மாமி ஒரு தபால் பற்றுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரிகிறாள். "இதக் கொண்டுபோய் அந்தச் சேருக்குக் காட்டுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்கிறாள். அவளைக் கணக்கெடுக்காதே.

மார்கழியில் உனக்கு அந்தப் பொறுப்புக் கிடைக்கும். கிடைத்தால் முதல் போன் எனக்கு வர வேண்டும், உன் தாய்க்குப் பிறகு.

மாமா


கொழும்பு,
10.12.2024

மாமா,

எந்தப் பற்றுச்சீட்டு என்று உங்கள் கடிதத்தை வாசித்த உடனே மாமிக்குப் போன் எடுத்தேன். இலக்கத்தையும் திகதியையும் வாசித்தா. செப்ரெம்பர் 16.

நீங்கள் எழுதிய எல்லாக் கடிதத்திலும் ஆகக் குறுகிய வசனம், "மறந்துவிட்டேன். அவ்வளவுதான்." அதை வாசித்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நீங்கள் உண்மையாகவே மறந்திருந்தால் ஏன் மறந்தேன் என்று நாலு பக்கம் எழுதியிருப்பீர்கள், இடையில் ஒரு யானையும் வந்திருக்கும்.

லாச்சியைத் திறந்தேன். உறை அங்கேயே இருந்தது, தடித்தபடி, பிரிக்காமல். என் கையெழுத்துப் போட்டுத்தான் தபால்காரரிடம் வாங்கியிருக்கிறேன். கதைதான் என்று நினைத்து உள்ளே தள்ளியிருக்கிறேன்.

அதை அப்போதும் நான் பிரிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் பதியுதீன் சேரின் மேசையில் வைத்தேன். "படிவம் எனக்கு வரவில்லை என்று சொன்னேன் சேர். வந்திருக்கிறது. பிரிக்காதது நான்," என்றேன். அவர் முத்திரைத் திகதியைப் பார்த்தார். பிறகு பிரித்து, ஒன்பது பக்கத்தையும் இருந்த இடத்தில் உரத்து வாசித்தார். லொறியில் வந்த ஆட்களின் இடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி, ஊசி குத்திய படிவத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"உங்கட மாமா என்னட்ட ஏன் மறந்துபோச்செண்டு சொன்னார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பொய். தெரியும்.

அந்தப் பொறுப்பு எனக்கு இப்போது இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். சரிதான், அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. திங்கட்கிழமை உங்களை வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வரும். இனி விலகல் படிவம் தனி உறையில், சிவப்புக் கோட்டோடு வர வேண்டும் என்பது புது விதி. மட்டக்களப்புச் சேவர்களுக்குள் போகிற எல்லாரும், கொழும்பில் இருப்பவர்கள் உட்பட, உங்கள் முன்னால் புதிதாகப் பதிய வேண்டும் என்பதும் புது விதி. மாத முடிவில் பழைய கணக்குகளை எல்லாம் மூடுகிறோம். என் படிவத்தை நிரப்பி, அடையாள அட்டைப் பிரதியோடு இதில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் செய்யாததை எல்லாம் செய்ததாகச் சொல்வீர்கள் என்று சிரித்திருக்கிறேன். செய்ததைச் செய்யவில்லை என்று சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது.

சுலோஜனா


பழுகாமம்,
18.12.2024

அன்பு மருமகளுக்கு,

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பாலத்தில் இருந்து கந்தோர் வரை இரண்டு பக்கமும் சனம் நின்றது. சந்தை நாள்தான், இருந்தாலும் நின்றது.

நீ செய்த காரியத்தைப் பழுகாமம் முழுக்கச் சொல்லிவிட்டேன். கந்தப்போடி கேட்டான், "மருமகள் பிழை விட்டு உத்தியோகம் தள்ளிப் போனத ஆராவது பெருமையாச் சொல்லுவானா மச்சான்?" நான் சொன்னேன்: "டேய், நானூறு ஏக்கர் வட்டையில இருபது வருஷம் நிண்டன். வரம்ப வெட்டினவன் தானா வந்து 'நான்தான் வெட்டினன்' எண்டு சொன்னத ஒரு நாளும் காணல. எண்ட அக்காட மகள் முதலாளிர மேசையில கொண்டுபோய் வச்சாள்!" அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு சந்தி வரை நடந்து வந்தான். இந்தமுறை சில்லில் காற்று இருந்தது. நான் அமத்திப் பார்த்தேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உன் சேர் கேட்டாராமே. தடித்த உறையில் போட்டவன் நான்தானே மகள். ஒன்பது பக்கத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் யாருக்குத்தான் கிடைக்கும்? அந்தளவுக்கு அது என் பிழைதான். மிச்சத்தை உன் மாமியிடம் கேள், அவள் கூட்டிச் சொல்வாள்.

உன் படிவம் கிடைத்தது. கையெழுத்துப் போடவில்லை. திருப்பி அனுப்புகிறேன். படிவத்தின் மூன்றாவது வரியை நீதான் எழுதியிருக்கிறாய்: "விண்ணப்பதாரர் பொறுப்பாளர் முன்னிலையில் நேரில் தோன்றினார்." நீ தோன்றவில்லை. அடையாள அட்டைப் பிரதி மட்டும் தோன்றியிருக்கிறது. மருமகள் என்று பார்த்து ஒப்பம் வைத்தால் பிறகு ஜேர்மன்காரருக்கு யார் பதில் சொல்வது?

தைப்பொங்கலுக்கு வா. மற்றவர்களைப் போல வரிசையில் நில். மாத முடிவில் பழைய கணக்கு மூடினதும், அதுவரை பதினைந்து நாள் எங்கள் ஏழு சேவருக்குள்ளும் நீ போக முடியாது, அதை நினைத்து நான் நித்திரை கொள்ளவில்லை என்று நீ நினைத்தால் பிழை, நன்றாகவே கொள்கிறேன்.

இதோடு இரண்டு உறை அனுப்புகிறேன். சிவப்புக் கோடு போட்டதில் உன் படிவம் மட்டும். தடித்ததில் மழைக்காலத்தில் நடந்தவை, பதினான்கு பக்கம். அதை லாச்சிக்குள் போடு. வரும்போது கொண்டு வா, நானே வாசித்துக் காட்டுகிறேன்.

அடையாள அட்டையை மறக்காதே. முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா